பழைய கோழிக்கூண்டைக் காடைக்கு ஏற்றபடி சீரமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய கூண்டைச் சரிசெய்யும் வேலையில் கைக்கு அடங்காத படி என்று எதுவும் இல்லை. ஆனால் படிகளின் வரிசை மாறினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். புது வலையை அடித்து முடித்த பிறகு மர இடுக்கில் உண்ணி இருப்பதைக் கண்டுபிடித்து, வலையை மறுபடி கழற்றுபவர்கள் உண்டு. காடைகளை முதலில் வாங்கி அட்டைப்பெட்டியில் அடைத்துவிட்டு, பெயின்ட் வாசம் போவதற்குள் கூண்டுக்குள் விடுபவர்கள் அதைவிட அதிகம். இந்த வழிகாட்டியில் எதை எப்போது செய்வது, ஏன் அந்த இடத்தில் செய்வது என்பதையே முக்கியமாகச் சொல்கிறேன்.

இங்கே காடை என்று சொல்வது முட்டைக்கும் இறைச்சிக்கும் வளர்க்கும் ஜப்பானியக் காடையை. கூண்டு என்று சொல்வது இரண்டு வகையை: கோழிக்காகச் செய்த மரக்கூடு, முட்டைக்கோழிக்கான கம்பிக்கூண்டு. பழையதாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

1. கோழியின் கூண்டு காடைக்கு ஏன் அப்படியே பொருந்தாது

வேலையைத் தொடங்கும் முன் இதைப் புரிந்துகொண்டால் பாதி முடிவுகள் தானாக வந்துவிடும். காடை கோழியின் சிறிய வடிவம் கிடையாது. அதன் நடத்தையே வேறு.

கோழி மாலையானால் தானாகக் கூட்டுக்குத் திரும்பும். வளர்ப்புக் காடைக்கு அந்தப் பழக்கம் இல்லை. வெளியே போனது போனதுதான். கோழி கொம்பில் ஏறி உறங்கும், முட்டையிட மறைவான பெட்டியைத் தேடும். காடை தரையில் உறங்கும், நின்ற இடத்தில் முட்டையிடும். ஆகவே கொம்பும் முட்டைப்பெட்டியும் காடைக்கு இடத்தை அடைக்கும் சாமான்கள், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பயந்தால் அது என்ன செய்யும் என்பது. கோழி பக்கவாட்டில் ஓடும். காடை நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக மேலே எகிறும். கூரை கடினமாகவும், வேகம் எடுக்கும் அளவுக்கு உயரத்திலும் இருந்தால் மண்டைத்தோல் கிழியும், சில நேரம் கழுத்தே போய்விடும். எனவே உயரம், வலைக்கண், கதவு ஆகிய மூன்றையும் கட்டாயம் மாற்ற வேண்டியிருக்கும் என்று மனதில் வைத்துக்கொண்டே கூண்டைப் பார்க்கப் போங்கள்.

2. வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஒரு ஸ்க்ரூ டிரைவர், அளவு டேப், வெள்ளைத் தாள், டார்ச் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

கால்கள் தரையைத் தொடும் இடத்திலும், கூரையிலிருந்து மழைநீர் வடியும் ஓரத்திலும் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மரத்தில் அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் உள்ளே இறங்கினால் மரம் மக்கிவிட்டது. ஒன்றிரண்டு துண்டு மாற்றுவதில் தவறில்லை. நான்கு காலும் சட்டமும் மக்கியிருந்தால் நீங்கள் வாங்குவது விறகு.

அடுத்து உண்ணி. கோழிகளைத் தாக்கும் சிவப்பு உண்ணி பகலில் பறவையின் உடம்பில் இருக்காது. கொம்பின் முனை, பலகைகள் சேரும் இடுக்கு, ஆணித்துளை போன்ற இடங்களில் ஒளிந்திருந்து இரவில்தான் வந்து இரத்தம் குடிக்கும். வெள்ளைத் தாளை மடித்து இடுக்கில் விட்டு இழுத்துப் பாருங்கள். தாளில் மிளகுத்தூள் மாதிரி சாம்பல் நிறப் பொடி ஒட்டி, அது மெல்ல நகர ஆரம்பித்தால் உண்ணிதான். விரலால் தேய்த்தால் சிவப்புக் கோடு விழும். கூண்டு காலியாகவே கிடந்தது என்பதால் உண்ணி இருக்காது என்று நம்ப வேண்டாம். இரத்தமே கிடைக்காமல் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். உண்ணி இருந்தால் வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஒழிக்க முடியும், ஆனால் அதற்கான நாட்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெயின்டையும் கவனியுங்கள். பல அடுக்காக உரிந்து நிற்கும் மிகப் பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, காடை அந்தச் செதிலைக் கொத்தித் தின்னும். பச்சை ஓடிய, ரசாயனம் ஏற்றிய பழைய மரத்தில் ஆர்செனிக் இருக்கக்கூடும். இந்த இரண்டையும் நான் தவிர்த்துவிடுவேன். சுரண்டினால் தூளாகி உங்கள் நுரையீரலுக்குள்ளும் போகும். சரி, மரத்துக்குள் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்து மக்கிய வாசம் அடித்தால்? அதுவும் வேண்டாம். பூஞ்சை வித்துகள் பறவையின் நுரையீரலில் குடியேறினால் குணப்படுத்துவது மிகக் கடினம்.

கடைசியாக, விற்பவரிடம் ஒரு கேள்வி: இதில் இருந்த பறவைகள் என்ன ஆயின? விற்றுவிட்டார் என்றால் சரி. ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போயின என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். கழிச்சல் நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணிகளின் முட்டைகள் சாதாரணக் கிருமிநாசினிக்கு மசியாது.

3. எத்தனை காடை, என்ன உயரம்: முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தக் கணக்கை வேலையின் நடுவில் போட்டால் அறுத்த மரத்தையே மறுபடி அறுக்க வேண்டிவரும்.

வணிகப் பண்ணைகளில் ஒரு சதுர அடிக்கு ஐந்து, ஆறு காடைகளைக்கூட அடைக்கிறார்கள். வீட்டில் வளர்ப்பவர் அந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். நெருக்கம் கூடினால் ஒன்றையொன்று கொத்தும், கீழே எச்சம் சேரும் வேகமும் கூடும். சதுர அடிக்கு ஒன்று இருந்தால் வசதி, இரண்டு வரை சமாளிக்கலாம். மூன்றடிக்கு இரண்டடி உள்ள கூண்டு ஆறு சதுர அடி. அதில் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம்.

உயரத்தில் இரண்டு வழிதான் பாதுகாப்பானது. ஒன்று, 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை தாழ்வாக வைப்பது. எகிறினாலும் வேகம் எடுக்க இடமிருக்காது. மற்றொன்று, ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு, அதாவது ஆறடி அல்லது அதற்கு மேல் உயர்த்துவது. எகிறிய காடை மேலே முட்டும் முன் திரும்பிப் பறந்து இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில், இரண்டடி மூன்றடி உயரத்தில் இருப்பதுதான் ஆபத்து. துரதிர்ஷ்டவசமாகப் பழைய மரக்கூடுகள் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கும். அப்படிப்பட்ட கூட்டை ஒரே அறையாக விடாமல், நடுவில் ஒரு தளம் போட்டு மேலும் கீழுமாக இரண்டு தாழ்வான அறைகளாகப் பிரிப்பது நல்ல தீர்வு. மேல் அறையின் எச்சம் கீழே விழாதபடி நடுவில் தட்டு ஒன்று வேண்டும், அதற்கு நாலு அங்குல உயரமாவது ஒதுக்குங்கள்.

4. சேர்த்து வைக்க வேண்டிய பொருட்கள்

அரை அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ் (துத்தநாகப் பூச்சுள்ள, கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை), வாஷர் வைத்த ஸ்க்ரூக்கள், மர ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்), வலை வெட்டும் கத்தரி, அரம், கம்பி பிரஷ், சுரண்டி, காந்தம், நிழல்வலை, கதவுக்கு இரண்டு வீதம் தாழ்ப்பாள், சோப்புத்தூள், வினிகர், கிருமிநாசினி, முகக்கவசம், தடித்த கையுறை. முகக்கவசத்தை விட்டுவிட வேண்டாம். காய்ந்த எச்சத்தின் தூசி மனிதருக்கும் நுரையீரல் நோயைக் கொடுக்கக்கூடியது.

வலையை அளந்து வாங்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு அங்குலம் கூடுதலாகக் கணக்கிடுங்கள். சட்டத்தின் மேல் ஏறி உட்கார அந்த விளிம்பு தேவை.

5. பிரித்து எடுத்தல், உலர்ந்த நிலையில் சுத்தம்

முதலில் கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றுங்கள்: கொம்பு, முட்டைப்பெட்டி, தீவனத் தொட்டி, தண்ணீர்க் குழாய், கதவு, பழைய வலை. கொம்பையும் முட்டைப்பெட்டியையும் திரும்பப் போடப்போவதில்லை, உண்ணி அதிகம் ஒளிவதும் அவற்றில்தான். அன்றைக்கே அப்புறப்படுத்திவிடுங்கள்.

அடுத்து, தண்ணீர் விடுவதற்கு முன் சுரண்டுங்கள். புதியவர்கள் எடுத்தவுடன் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். காய்ந்த எச்சம் நனைந்தால் கூழாகி மர இடுக்குக்குள் போய் அடைத்துக்கொள்ளும். தூசி பறக்காமல் இருக்கக் கைத்தெளிப்பானால் லேசாக ஈரப்படுத்தினால் போதும். சுரண்டியதைப் பிளாஸ்டிக் தாளில் சேர்த்து, காடை இருக்கப்போகும் இடத்திலிருந்து தள்ளிக் கொட்டுங்கள்.

கூண்டு அடியில்லாத வகை என்றால், அது பழைய இடத்தில் நின்ற மண்ணோடு தூக்கி வர வேண்டாம். கோழியின் குடற்புழு முட்டைகள் மண்ணில் நீண்ட காலம் உயிரோடு கிடக்கும். கால்களில் ஒட்டிய மண்ணையும் தட்டிவிடுங்கள்.

6. கழுவுதல், காயவைத்தல்

சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். மேலிருந்து கீழாகத் தேயுங்கள், இல்லையென்றால் கழுவிய இடத்திலேயே அழுக்கு வடியும். பலகைகள் சேரும் மூலைகளுக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ் நன்றாக உதவும்.

இந்தக் கட்டத்தில் பிளீச்சிங் திரவத்தைத் தொடாதீர்கள். இரண்டு காரணங்கள். அழுக்கும் எச்சமும் இருக்கும் பரப்பில் அதன் வீரியம் வீணாகிவிடும். அதோடு, எச்சத்தில் உள்ள அம்மோனியாவுடன் சேர்ந்தால் மூச்சைத் திணறடிக்கும் நச்சுவாயு கிளம்பும். கிருமிநாசினியின் முறை எல்லாப் பழுதும் முடிந்த பிறகு வரும்.

கழுவியதும் நல்ல வெயிலில் காயவிடுங்கள். மேல்பரப்பு ஒரே நாளில் காய்ந்துவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் மரத்தின் இணைப்புகளுக்குள் ஈரம் நிற்கும். இணைப்பைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை. ஈர மரத்தின் மேல் பெயின்ட் அடித்தால் உரியும், பூஞ்சை உள்ளேயே தங்கிவிடும்.

7. உண்ணியை ஒழித்தல்

தாள் சோதனையில் ஒன்றும் வராவிட்டாலும் இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். அரைமணி நேர வேலைதான்.

இடுக்கு, ஆணித்துளை, கீல் பொருந்தும் இடம் எல்லாவற்றிலும் கொதிக்கும் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். சூடு பட்டால் உண்ணியும் சாகும், அதன் முட்டையும் அழியும். தண்ணீர் கொதி நிலையில் இருக்க வேண்டும். வாளியில் எடுத்துப்போய் ஆறிய பிறகு ஊற்றுவதால் பயனில்லை, அடுப்புக்குப் பக்கத்தில் கூண்டைக் கொண்டுவந்து வையுங்கள்.

ஐந்து முதல் ஏழு நாள் கழித்து மறுபடி செய்யுங்கள். வெப்பமான காலத்தில் உண்ணி முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு வர ஏறக்குறைய ஒரு வாரமே ஆகும். முதல் தடவை சூடு எட்டாத ஆழத்தில் தப்பிய முட்டை பொரிந்து, அடுத்த தலைமுறை முட்டையிடுவதற்குள் இரண்டாவது தடவை முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகும் தாளில் சிவப்புக் கோடு விழுந்தால் மூன்றாவது தடவை.

சிலர் நெருப்பு விளக்கால் கூண்டைச் சுட்டு எடுக்கிறார்கள். வெறும் இரும்புக்கு அது சரி. ஜி.ஐ. பூச்சுள்ள கம்பியைச் சுட்டால் துத்தநாகப் புகை வரும். அதை மூச்சில் இழுத்தால் காய்ச்சலும் உடல்வலியும் வரும், பூச்சு போன கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பூச்சிக்கொல்லி அடிப்பதாக இருந்தால், பறவைக் கூண்டுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருப்பதை மட்டும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். காடையின் உடல் எடை 200 கிராம் அளவுதான். கோழிக்குத் தாங்கும் அளவு அதற்கு அதிகமாகிவிடும்.

8. சட்டமும் மரமும்

மக்கிய பகுதியை நல்ல மரம் தெரியும் வரை அறுத்து எடுத்துவிட்டுப் புதுத் துண்டு சேருங்கள். மேலே பட்டி பூசி மூடினால் உள்ளே மக்குவது நிற்காது. கால்களின் அடியில் செங்கல்லோ ரப்பர் துண்டோ வைத்தால் ஈரம் ஏறாது.

கூண்டு ஆடுகிறதா என்று மேல்மூலையைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். ஆடினால் பின்பக்கம் ஒரு குறுக்குச் சட்டம் சாய்வாக அடியுங்கள். ஆடும் கூண்டில் வலையின் ஸ்க்ரூ தளரும். அதைவிட, காற்றடிக்கும்போதெல்லாம் காடை மிரளும்.

இடுக்குகளை இப்போதே பட்டி வைத்து அடைத்துவிடுங்கள். உண்ணிக்கு ஒளிய இடம் எவ்வளவு குறைகிறதோ, அடுத்த பல வருடங்களுக்கு உங்கள் வேலையும் அவ்வளவு குறையும். பெயின்ட் அடிக்க விரும்பினால் அதற்கான நேரமும் இதுவே. வலை அடித்த பிறகு அடித்தால் வலையெல்லாம் பெயின்ட் வழியும், காடை கொத்தும்.

9. வலை

கூண்டில் ஏற்கெனவே இருப்பது அறுகோணக் கண்ணுள்ள கோழிவலையாக இருந்தால் பக்கச்சுவர்களுக்கு அதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். அது கோழியை உள்ளே வைக்கும், பகைவனை வெளியே வைக்காது. எலியும் பாம்பும் நுழையும், பூனையும் கீரியும் இழுத்தே கிழிக்கும். பெரிய கண் என்றால் காடை தலையை வெளியே நீட்டும்போது வெளியிலிருந்து தலையைக் கவ்விக்கொண்டு போய்விடும். காலையில் தலையில்லாத காடை கிடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் இந்தக் கவலை எல்லாவற்றையும் தீர்க்கும், சுண்டெலியின் குஞ்சு ஒன்றைத் தவிர.

புதிய ஜி.ஐ. வலையை அடிக்கும் முன் வினிகர் நனைத்த துணியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடுங்கள். மேலே பொடியாக நிற்கும் துத்தநாகம் கொத்தும் பறவைக்கு நஞ்சு. இந்த வினிகர் வேலையையும் பின்னால் வரும் பிளீச்சிங் வேலையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கம் அடியுங்கள். வெளியிலிருந்து பூனை தள்ளினால் வலை சட்டத்தோடு அழுந்தும். உள்பக்கம் அடித்தால் அதே தள்ளலில் பிடுங்கிக்கொண்டு உள்ளே போகும். பத்து, பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு ஸ்க்ரூ, ஒவ்வொன்றுக்கும் வாஷர். ஸ்டேப்ளர் பின்னை நிலைநிறுத்த மட்டும் பயன்படுத்துங்கள், பாரத்தை அது தாங்காது. விளிம்பின் மேல் ரீப்பர் வைத்து மூடினால் கம்பி நுனி யாரையும் கிழிக்காது.

வெட்டிய ஒவ்வொரு நுனியையும் அரத்தால் தேயுங்கள். அடுத்தது, நான் பார்த்தவரை பலரும் மறக்கும் வேலை: வெட்டி விழுந்த கம்பித் துணுக்குகளைக் காந்தம் வைத்துக் கூண்டின் அடி முழுக்க வாரி எடுப்பது. மின்னும் எதையும் காடை விழுங்கும். துணுக்கு இரைப்பையைத் துளைத்தால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது, பறவை சோர்ந்து உட்கார்ந்து சாகும்.

கூண்டு நேரடியாக மண்ணில் நிற்பதாக இருந்தால், சுற்றிலும் ஓரடி அகலத்துக்கு வலையைத் தரையோடு தரையாக விரித்து மேலே கல் வைத்துவிடுங்கள். தோண்டும் பிராணி சுவரின் ஓரத்தில்தான் தோண்ட ஆரம்பிக்கும். கால் வைத்த கூண்டு என்றால் ஒவ்வொரு காலையும் எண்ணெயோ தண்ணீரோ உள்ள கிண்ணத்தில் நிறுத்துங்கள், எறும்பு ஏறாது.

10. தரை

இங்கே நிதானமாக யோசியுங்கள். காடை வாழ்நாள் முழுக்க நிற்பதும் படுப்பதும் இந்தத் தரையில்தான்.

முழுக்கக் கம்பித்தரை போட்டால் எச்சம் கீழே விழுந்து சுத்தமாக இருக்கும், ஆனால் கால் புண்ணாகும். முழுக்கப் பலகை போட்டு மரச்சீவல் பரப்பினால் காலுக்கு நல்லது, ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். என் விருப்பம் கலவை: மூன்றில் இரண்டு பங்கு அரை அங்குலக் கம்பித்தரை, மூன்றில் ஒரு பங்கு பலகை. பலகைப் பகுதியில் மணல் நிரப்பிய தட்டு ஒன்றை வையுங்கள். காடை மண்குளியல் போடும்போது பார்த்தால் அந்த இடத்தை மிச்சம் பிடிக்க உங்களுக்கே மனம் வராது. சிறகில் உள்ள பேனும் அதில்தான் குறைகிறது.

கம்பித்தரைக்கு அடியில் ஓரடிக்கு ஒரு தாங்கு கம்பி கொடுங்கள். தரை நடுவில் தொய்ந்தால் பறவைகள் எல்லாம் பள்ளத்தில் கூடும், முட்டையும் எச்சமும் அங்கேயே சேரும். வலையில் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் மேடாகவும் தெரிந்தால் வழவழப்பை மேலே வையுங்கள்.

முட்டை தானாக முன்பக்கம் உருண்டு வர வேண்டும் என்றால் இரண்டடி ஆழத்துக்கு இரண்டரை முதல் மூன்று அங்குலம் சரிவு வேண்டும். முட்டைக்கோழிக் கூண்டில் சரிவு ஏற்கெனவே இருக்கும். ஆனால் முட்டை வெளியேறும் இடைவெளி கோழிமுட்டைக்கான அளவில் இருக்கும், அதன் வழியாகக் காடையே வெளியேறிவிடும். ஒரு ரீப்பரைக் குறுக்கே வைத்து அந்த இடைவெளியை மூன்று சென்டிமீட்டராகக் குறையுங்கள். காடை முட்டைக்கு அது தாராளம்.

எச்சத் தட்டு தரைக்கு நாலு அங்குலமாவது கீழே இருக்கட்டும், முன்பக்கமாக இழுத்து எடுக்கும்படி அமையுங்கள். தட்டை எடுக்கக் கூண்டையே தூக்க வேண்டும் என்றால் நாளாக நாளாகச் சுத்தம் செய்வது தள்ளிப்போகும். அம்மோனியா ஏறி முதலில் கண்ணும் பிறகு மூச்சும் கெடும்.

நான்கு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுகளை இந்த அரை அங்குலத் தரையில் விட வேண்டாம். கால் உள்ளே இறங்கி முறியும்.

11. கூரை

தாழ்வான அறை என்றாலும் கூரைக்கு அடியில் ஒரு மெத்தென்ற படலம் வேண்டும். நிழல்வலையை இரண்டாக மடித்து, கடினக் கூரைக்கு இரண்டு அங்குலம் கீழே விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். எகிறும் காடை அதில் பட்டுத் திரும்பும். நிழல்வலையின் வெட்டு ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள். பிரியும் நூல் விரலில் சுற்றினால் இரத்த ஓட்டம் நின்று விரலே உதிர்ந்துவிடும்.

தகரக் கூரை என்றால் தகரத்துக்கும் உள்கூரைக்கும் இடையில் காற்று ஓட இடம் விடுங்கள். காடை வெயிலைவிடப் புழுக்கத்தில்தான் அதிகம் தவிக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது முதல் அடையாளம். பின்சுவரும் ஒரு பக்கச்சுவரும் மூடியிருந்து, மேல் ஓரத்தில் காற்றுவழி இருந்தால் நல்லது. காற்று தலைக்கு மேலே போக வேண்டும், உறங்கும் பறவையின் மேல் நேராக அடிக்கக் கூடாது.

12. கதவு

கோழிக்கூட்டின் கதவு அகலமாகத் திறக்கும். நீங்கள் கையை உள்ளே விடும் அந்த நொடியில் காடை உங்கள் தோளைத் தாண்டிப் போய்விடும், தேடினாலும் கிடைப்பது அரிது. பெரிய கதவைச் சுத்தம் செய்ய மட்டும் வைத்துக்கொண்டு, அதிலேயே ஒரு சாண் சதுரத்தில் சின்னக் கதவு வெட்டுங்கள். அது உள்பக்கமோ மேல்பக்கமோ திறந்து, கையை எடுத்ததும் தானாக விழுந்து மூடிக்கொள்ளட்டும். உள்ளே ஒரு துணித் திரை தொங்கவிட்டால் இன்னும் பாதுகாப்பு.

ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு தாழ்ப்பாள், ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒற்றைத் தாழ்ப்பாள் கதவின் மூலையை எலி நெம்பி வளைத்து நுழைந்துவிடும்.

13. தண்ணீரும் தீவனமும்

கோழிக்கூண்டோடு வந்த நிப்பிள் குழாயை (அலகால் ஊசியைத் தள்ளினால் தண்ணீர் சொட்டும் குழாய்) போடுவதானால் ஒவ்வொரு நிப்பிளின் ஊசியையும் விரலால் தட்டிப் பாருங்கள். சில ஒழுகும், சில உப்படைத்திருக்கும். விறைப்பாக இருப்பதைக் காடையின் அலகால் தள்ள முடியாது. மாற்றிவிடுங்கள். கோழிக்கு வைத்த உயரமும் காடைக்கு எட்டாது. நிப்பிளைக் காடை தலை நிமிர்த்திக் குடிக்கும் உயரத்துக்கு இறக்குங்கள். கிண்ணம் என்றால் அதன் முதுகு மட்டத்தில் இருக்கட்டும்.

தீவனத் தொட்டியைக் கூண்டுக்கு வெளியே மாட்டி, தலை மட்டும் வெளியே வரும்படி ஓர் அங்குல அகலத்தில் செங்குத்தான இடைவெளி விடுங்கள். காடை அலகால் தீவனத்தைப் பக்கவாட்டில் வாரி இறைக்கும். தொட்டியில் உள்ள தீவனத்தின் மேலேயே அரை அங்குல வலைத்துண்டு ஒன்றைப் படியவிட்டால் கொத்த முடியும், வார முடியாது. தொட்டிக்கு மூடி வைத்தால் இரவில் எலி வராது. தலை நீட்டும் அந்த வரிசைக்கு மட்டும் இரவில் மூட ஒரு பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

14. கடைசிச் சுத்தம்

இப்போதுதான் கிருமிநாசினி. 5 சதவீத வீரியமுள்ள வீட்டு உபயோக பிளீச்சிங் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. திறந்த வெளியில் தெளித்து, பரப்பு பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி பாருங்கள். தெளித்த உடனே துடைத்தால் பலன் இல்லை. அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், பிளீச்சிங் கம்பியில் தங்கினால் பூச்சை அரிக்கும். மறுபடி முழுக்கக் காயவிடுங்கள். பெயின்ட் வாசமும் பிளீச்சிங் வாசமும் மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தாலும் தெரியாத வரை காத்திருங்கள்.

15. காலிக் கூண்டுச் சோதனை

காடை இல்லாமல் ஒரு வாரம் கூண்டை அதன் நிரந்தர இடத்தில் நிறுத்துங்கள். இந்த ஒரு வாரத்தில் நான்கு சோதனைகள்.

இருட்டியதும் உள்ளே ஒரு விளக்கை வைத்துவிட்டு வெளியிலிருந்து சுற்றிப் பாருங்கள். வலை இல்லாத இடத்தில் கோடாக வெளிச்சம் கசிந்தால் அங்கே எலி நுழையும். சுண்டுவிரல் நுழையும் ஓட்டை எதுவும் மிஞ்சக் கூடாது.

ஒரு வாளித் தண்ணீரைக் கூரையில் ஊற்றி எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். நிப்பிளில் தண்ணீரை இரவு முழுக்க விட்டு, காலையில் எச்சத் தட்டில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டில் ஒழுகும் தண்ணீர்தான் ஈயும் நாற்றமும் வருவதற்கு முதல் காரணம். நான்காவதாக, நடுப்பகலில் கூண்டின் தரை உயரத்தில் ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். நீங்கள் நிற்கும் நிழலைவிட உள்ளே நன்றாகச் சூடு ஏறினால் இடத்தை மாற்றுங்கள், அல்லது கூரைக்கு மேல் இன்னொரு நிழல் போடுங்கள்.

வாரம் முடிந்ததும் இடுக்குகளில் வெள்ளைத் தாளை மறுபடி விட்டு இழுங்கள். தாள் சுத்தமாக வந்தால் காடை வாங்கப் போகலாம்.

16. காடைகளை விடும் நாள்

காலையில் விடுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விடுங்கள். ஏற்கெனவே இடம் பிடித்த காடைகள் பின்னால் வருவதைக் கொத்தும். ஓர் ஆணுக்கு மூன்று முதல் ஐந்து பெட்டைகள் என்ற அளவு சரியாக வரும். ஒரே அறையில் இரண்டு ஆண் இருந்தால் சண்டை முற்றி கண்ணே போகலாம். கோழிக்கூண்டுக்குப் பக்கத்திலோ அடியிலோ காடைக்கூண்டை வைக்காதீர்கள். கோழிக்கு வரும் சளிநோய் காடைக்கும் தொற்றும்.

முதல் மூன்று நான்கு நாட்கள் மூன்று பக்கமும் சாக்கு கட்டி மறைத்து வையுங்கள். வெளியே நடமாட்டம் தெரியாவிட்டால் எகிறுவது வெகுவாகக் குறையும். கூண்டை நெருங்கும்போது மெல்லப் பேசிக்கொண்டே போங்கள், சத்தமில்லாமல் திடீரென்று முன்னால் தோன்றினால்தான் மிரளும்.

வந்தவுடன் முட்டை நின்றுபோனால் பதற வேண்டாம். இடம் மாறிய காடை ஒன்றிரண்டு வாரம் முட்டையிடாமல் இருப்பது இயல்பு. அதற்குப் பிறகும் இடவில்லை என்றால் வெளிச்சத்தைப் பாருங்கள். நாளுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும்.

இரண்டாவது வாரக் கடைசியில் ஒவ்வொரு காடையையும் கையில் எடுத்து உள்ளங்காலையும் உச்சந்தலையையும் பாருங்கள். உள்ளங்கால் சிவந்திருந்தால் பலகைப் பகுதியை அகலப்படுத்துங்கள். உச்சந்தலையில் இறகு உதிர்ந்திருந்தால் நிழல்வலை தொய்ந்திருக்கலாம், இழுத்துக் கட்டுங்கள். சிறகின் அடியில் ஊதிப் பார்த்து, சிறு பூச்சிகள் ஓடினால் மணல் தட்டை மாற்றிவிட்டு, அன்றிரவு டார்ச்சோடு போய் இடுக்குகளையும் ஒருமுறை பாருங்கள்.